தீர்ப்புக்கு முன்பே சிறை: குண்டாஸ், உபா, ஜாமீன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் நடக்கிறது, டிவியில் தினமும் அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள், யார் வேண்டுமானாலும் கட்சி ஆரம்பிக்கிறார்கள். இதில் எந்த உரிமை பறிபோய்விட்டது?

நியாயமான கேள்விதான். 1975 ஜூன் 25 ராத்திரி, அவசரநிலை வந்தபோது, டெல்லியில் பத்திரிகை அச்சகங்களுக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விடிவதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்களை அள்ளிக்கொண்டு போனார்களே, அந்த மாதிரி எதுவும் இப்போது நடக்கவில்லை. அதனால்தான் பலருக்கு இது கண்ணில் படுவதில்லை. பேச்சுரிமை அரசியல் சாசனத்தில் பத்திரமாக இருக்கிறது. பேசியவருக்கு அப்புறம் என்ன ஆகிறது என்பதில்தான் விஷயமே. கைதுக்கும் தீர்ப்புக்கும் இடையில் ஒரு காலம் இருக்கிறது. அது நீண்டுகொண்டே போய், பலருக்கு அதுவே தண்டனையாகிவிட்டது. குற்றவாளி என்று எந்த நீதிபதியும் சொல்லாமலேயே ஒருவர் மூன்று வருடம், ஐந்து வருடம் உள்ளே இருக்கலாம்.

2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது நாலில் மூன்று பேர். இவர்களில் பெரும்பாலோர் சாதாரண வழக்குகளில் மாட்டிய ஏழைகள், அரசியல் காரணத்துக்காகப் பிடிக்கப்பட்டவர்கள் அதில் சிறு பகுதிதான். ஆனால் இரண்டு தரப்பும் சிக்கியிருப்பது ஒரே இடத்தில்: விசாரணையும் முடியாது, வெளியேயும் வர முடியாது.

விசாரணையே இல்லாமல் ஒருவரை உள்ளே வைக்கலாமா? அரசியல் சாசனம் விடுமா?

விடுகிறது. பிரிவு 22ஐ முழுசாகப் படித்துப் பாருங்கள். முதல் பாதியில் கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று அழகாக எழுதிவிட்டு, அடுத்த வரிகளில் இதெல்லாம் தடுப்புக்காவலில், அதாவது இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்று முன்கூட்டியே, வைக்கப்பட்டவருக்குக் கிடையாது என்று சொல்லிவிடுகிறது. அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்குள்ளேயே தடுப்புக்காவலுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கும் ஜனநாயக நாடுகள் அபூர்வம்.

இதில் முதல் பெரிய வழக்கே சென்னை மாகாணத்திலிருந்து போனதுதான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947இலிருந்து ஏதோ ஒரு உத்தரவில் சிறையிலேயே இருந்தார். 1950இல் புதிதாக வந்த தடுப்புக்காவல் சட்டத்தில் மறுபடியும் உத்தரவு கொடுத்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு பிரிவைத் தவிர அந்தச் சட்டம் முழுவதும் செல்லும் என்றது. குடியரசுக்கு அப்போது நாலு மாத வயது.

குண்டாஸ் ரவுடிகளுக்குத்தானே? நமக்கென்ன?

குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டம் 1982இல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் வந்தபோது சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் விற்பவர், ரவுடி, குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். அப்புறம் அது வளர்ந்துகொண்டே வந்தது. 2004இல் திருட்டு விசிடிக்காரர்களைச் சேர்த்தார்கள். பிறகு மணல் கடத்துபவர்கள் வந்தார்கள், 2014இல் பாலியல் குற்றவாளிகள், இணையக் குற்றவாளிகள் வந்தார்கள். ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் கைதட்டல்தான், ஏனென்றால் திருட்டு விசிடிக்காரனுக்காக யார் கொடி பிடிப்பார்கள்?

2017க்கு வாருங்கள். மே மாதம் மெரினாவில் ஈழத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போன மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி உள்ளிட்ட நான்கு பேர் மீது குண்டாஸ். ஜூலையில் நெடுவாசல், கதிராமங்கலம் எண்ணெய், எரிவாயு எதிர்ப்புப் போராட்டங்களுக்காகத் துண்டறிக்கை கொடுத்த சேலம் மாணவி ஒருவர் மீது குண்டாஸ். இரண்டையும் அந்த செப்டம்பரிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அது அதிமுக ஆட்சி. 2023 நவம்பரில் செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்துக்கு நிலம் தர மாட்டோம் என்று போராடிய விவசாயிகள் ஏழு பேர் மீது குண்டாஸ் போட்டது திமுக ஆட்சி. எல்லாப் பக்கமிருந்தும் எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீதானதை வாபஸ் வாங்கினார்கள். விவசாயி எந்தக் கணக்கில் குண்டர் ஆனார் என்று கேட்டால் பதில் இருக்காது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில் தடுப்புக்காவல் எண்ணிக்கையில் தமிழ்நாடு வருடாவருடம் முன்வரிசையில் நிற்கிறது, அதைப் பற்றி எந்தக் கட்சி மேடையிலும் பேச்சே இல்லை.

போடுவது யார்? நீதிபதியா?

இல்லை. மாவட்டத்தில் கலெக்டர், மாநகரத்தில் போலீஸ் கமிஷனர். போலீஸ் தயாரித்துக் கொடுக்கும் கோப்பைப் பார்த்து, இந்த ஆள் வெளியே இருந்தால் பொது ஒழுங்குக்குக் கேடு என்று தனக்குத் 'திருப்தி' ஏற்பட்டதாக அவர் கையெழுத்துப் போட்டால் போதும். 12 நாளுக்குள் அரசு அதை ஒப்புக்கொள்ள வேண்டும், மூன்று வாரத்துக்குள் உத்தரவைப் பரிசீலிக்கும் குழுவான அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும், கைதான ஏழு வாரத்துக்குள் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். கழகத்தின் முன் வக்கீலை அழைத்துப்போக உங்களுக்கு உரிமை கிடையாது. சட்டம் தெரியாத ஒருவர், நூற்றுக்கணக்கான பக்கக் கோப்பை வைத்துக்கொண்டு, தானே தனக்காக வாதாட வேண்டும். கழகம் சரி என்று சொல்லிவிட்டால் ஒரு வருடம் வரை உள்ளே.

பொது ஒழுங்கு வேறு, சட்டம் ஒழுங்கு வேறு என்று லோகியா வழக்கில் 1960களிலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டிவிட்டது. இரண்டு பேர் தெருவில் அடித்துக்கொண்டால் அது சட்டம் ஒழுங்கு. ஊரே நிலைகுலைந்தால்தான் பொது ஒழுங்கு. முதலாவதற்குச் சாதாரண வழக்கு போதும், தடுப்புக்காவல் கூடாது. அதனால்தான் குண்டாஸ் உத்தரவுகளைப் படித்தால் கத்தியைக் காட்டியதும் மக்கள் சிதறி ஓடினார்கள், கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள் என்கிற வாசகம் ஊருக்கு ஊர் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரும். பொது ஒழுங்கு என்று காட்டுவதற்கு அது தேவைப்படுகிறது.

கோர்ட்டில் ரத்து ஆகிவிடுகிறதே, பிறகென்ன?

எப்போது ரத்து ஆகிறது என்று பாருங்கள். ஆட்கொணர்வு மனு போட்டு, அது விசாரணைக்கு வந்து, அரசு அவகாசம் கேட்டு, கொடுத்து, தீர்ப்பு வருவதற்குள் பெரும்பாலும் சில மாதங்கள் போயிருக்கும். ரத்தாகும் காரணங்களும் பல சமயம் நடைமுறைத் தவறுகள்தான்: மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், கொடுத்த நகல் படிக்க முடியவில்லை, ஆவணத்தைத் தமிழில் தரவில்லை. இந்த ஆளை உள்ளே வைத்ததே தப்பு என்கிற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே வேண்டியிருக்காது. கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கோ ஒரு நஷ்டமும் இல்லை, அவர் அதற்குள் வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். அப்படியென்றால் இந்த உத்தரவு ரத்தாகும் என்று தெரிந்தே போடுவதில் அரசுக்கு என்ன லாபம்? நாலு மாதம் அந்த ஆள் வெளியே இல்லை, போராட்டம் பிசுபிசுத்துவிட்டது, கூட இருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். லாபம் அதுதான்.

உபா என்பது புதிய சட்டமா?

சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் 1967இல் வந்தது. அதன் வேர் நம்மூர் பக்கம் கொஞ்சம் படர்ந்திருக்கிறது. திமுகவின் திராவிட நாடு கோரிக்கை உச்சத்தில் இருந்த காலத்தில், நாட்டின் ஒருமைப்பாட்டைக் காரணம் காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்று 1963இல் 16ஆவது திருத்தம் வந்தது. அந்த ஆண்டே திமுக பிரிவினையைக் கைவிட்டது. அந்தத் திருத்தத்தின் தோள் மீது ஏறி வந்ததுதான் உபா.

ஆனால் அன்றைய உபா இன்று இருப்பது மாதிரி கொடூரமானதில்லை. அமைப்புகளைத் தடைசெய்யும் சட்டம், அவ்வளவுதான். பயங்கரவாதத்துக்கென்று தனியாக 1985இல் தடா வந்து 1995இல் காலாவதியானது, 2002இல் பொடா வந்து 2004இல் ரத்தானது. பொடாவில் முதலில் பரபரப்பாக உள்ளே போனவர்களில் ஒருவர் வைகோ, திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக. பொடாவைக் கொண்டுவந்த வாஜ்பாய் அரசின் கூட்டணியில்தான் அவர் கட்சி இருந்தது! கைது செய்தது ஜெயலலிதா அரசு. வேலூர் சிறையில் ஒன்றரை வருடத்துக்கு மேல். பொடாவை ஒழித்தோம் என்று மன்மோகன் சிங் அரசு அறிவித்த அதே கையோடு அதன் முக்கியப் பிரிவுகளை உபாவுக்குள் நுழைத்தார்கள். தடாவும் பொடாவும் இத்தனை ஆண்டுதான் என்று கெடு வைத்த சட்டங்கள், நாடாளுமன்றம் மறுபடி நீட்டிக்க வேண்டியிருந்தது. உபாவுக்குக் கெடுவே கிடையாது. இந்த வித்தியாசம் அன்றைக்கு யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை.

உபாவில் ஜாமீன் ஏன் கிடைப்பதில்லை?

மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2008 டிசம்பரில் ப.சிதம்பரம் உள்துறை அமைச்சராக இருந்தபோது 43டி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சாதாரண வழக்கில் 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உங்கள் உரிமை. இதில் 180 நாள் வரை நீட்டலாம். அதைவிட முக்கியம் உட்பிரிவு 5. போலீஸ் வைத்திருக்கும் ஆவணங்களைப் பார்த்தால் குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் கொடுக்கக் கூடாது. 2019இல் வதாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது: ஜாமீன் கட்டத்தில் நீதிபதி சாட்சியத்தை நோண்டிப் பார்க்கக் கூடாது, போலீஸ் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். போலீஸ் எழுதியது உண்மையா என்று விசாரணையில்தான் தெரியும், விசாரணை எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரை போலீஸ் எழுதியதே உண்மை.

2021இல் நஜீப் வழக்கில் விசாரணை ரொம்பத் தாமதமானால் இந்தத் தடையையும் மீறி ஜாமீன் கொடுக்கலாம் என்று அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்துச் சிலர் வெளியே வந்தார்கள். வேறு சிலர் வரவில்லை. டெல்லி கலவர வழக்கில் 2020 செப்டம்பரில் கைதான முன்னாள் மாணவர் தலைவர் உமர் காலித் சிறைக்குள்ளேயே ஐந்து வருடத்தைத் தாண்டினார், விசாரணை முடிந்தபாடில்லை. எந்த அமர்வு முன் வழக்கு போகிறது என்பதைப் பொறுத்து விதி மாறுகிறது என்றால் அதை உரிமை என்று எப்படிச் சொல்வது?

2016 முதல் 2020 வரை உபாவில் வழக்குக்கு ஆளானவர்கள் 24,134 பேர் என்றும், தண்டனை பெற்றவர்கள் 212 பேர் என்றும் அரசே நாடாளுமன்றத்தில் கணக்குக் கொடுத்தது.

ஸ்டேன் சுவாமி வழக்கில் உண்மையில் என்ன நடந்தது?

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைப் பாதிரியார். வாழ்நாளின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தவர். காரணமில்லாமல் சிறையில் கிடக்கும் ஆதிவாசி இளைஞர்களை விடுவிக்கச் சொல்லி வழக்குப் போட்டவர். மகாராஷ்டிரத்தில் 2018இல் நடந்த வன்முறை தொடர்பான பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ அவரைக் கைது செய்தது. வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளரைப் பிடித்துக் குடிக்க முடியாது. தலோஜா சிறையிலிருந்து ஒரு உறிஞ்சு குழாயும் மூடிபோட்ட குவளையும் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல என்.ஐ.ஏ 20 நாள் அவகாசம் கேட்டது, நீதிமன்றம் கொடுத்தது. இருபது நாள் கழித்து, அவருடைய குழாய் எங்களிடம் இல்லை என்பது பதில்.

ஜாமீன் மறுக்கப்பட்டது. 2021 மே மாதம் மும்பை உயர் நீதிமன்றத்தில் காணொலி வழியாகத் தன் உடம்பு எப்படிச் சரிந்துவிட்டது என்று சொல்லி, மருத்துவமனை வேண்டாம், ராஞ்சியில் என் மக்களோடு இருக்க விடுங்கள் என்றார். ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று மருத்துவமனையின் டாக்டர் தெரிவித்தார். அவர் கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆவணங்கள் ஹேக்கர்கள் திணித்தவை என்று அமெரிக்காவின் அர்செனல் கன்சல்டிங் நிறுவனம் 2022 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கை சரியா தப்பா என்று சோதிக்க வேண்டிய இடம் விசாரணை. அவருக்கு அது நடக்கவே இல்லை.

அப்படியானால் குண்டு வைப்பவனை என்ன செய்வது? கொஞ்சுவதா?

பிடியுங்கள், வழக்கை நடத்துங்கள், தண்டனை வாங்கிக் கொடுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடுமையான குற்றத்துக்கு ஜாமீன் மறுக்கும் அதிகாரம் சாதாரணச் சட்டத்திலேயே நீதிபதிக்கு இருக்கிறது. தப்பித்துவிடுவான், சாட்சியை மிரட்டுவான் என்று காட்டினால் போதும். உபா செய்வது வேறு: நீதிபதியின் அந்தக் கணிப்பையே பிடுங்கிக்கொள்கிறது. ஆபத்தானவனுக்கும் துண்டறிக்கை கொடுத்தவனுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டிய ஒரே ஆளின் கையைக் கட்டிவிட்டு, பாதுகாப்பு கூடிவிட்டது என்று சொல்வதை நான் ஏற்கத் தயாரில்லை.

தேசத்துரோகச் சட்டத்தை எடுத்துவிட்டார்களாமே?

பெயரை எடுத்தார்கள். பழைய 124ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. கூடங்குளம் போராட்டத்தின்போது ஆயிரக்கணக்கான இடிந்தகரை பக்கத்து மக்கள் மீது பாய்ந்த பிரிவு அது; மதுக்கடைக்கு எதிராகப் பாடிய கோவன் மீது 2015இல் பாய்ந்ததும் அதுவே. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 152ஆவது பிரிவைப் பாருங்கள். நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் ஆபத்து விளைவித்தல் என்று தலைப்பு. பழையதில் ஆயுள் அல்லது மூன்று வருடம் வரை. புதியதில் ஆயுள் அல்லது ஏழு வருடம் வரை.

இன்டர்நெட்டை நிறுத்துவது?

2018 மே 22 அன்று தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டுப் பலர் கொல்லப்பட்ட மறுநாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நின்றது. உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே தெரிய வேண்டிய நாட்கள் அவை. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5 நிறுத்தியதில் 4ஜி திரும்பி வர 2021 பிப்ரவரி ஆனது. நிறுத்தினால் அந்த உத்தரவை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் தீர்ப்பு வந்தது. பல மாநிலங்கள் உத்தரவை இன்னும் ஒழுங்காக வெளியிடுவதில்லை.

ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக என்னைக் கைது செய்ய முடியுமா?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது, 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் அதை அடித்துத் தள்ளினார்கள். ஆறு வருடம் கழித்தும் செத்த அந்தப் பிரிவிலேயே போலீஸ் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது உச்ச நீதிமன்றத்தையே அதிர வைத்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 196, 353 போன்ற பிரிவுகளைப் போடுகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஏழு வருடத்துக்கு உட்பட்ட தண்டனை உள்ளவை, அதனால் எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் நோட்டீஸ் தர வேண்டும் என்பதுதான் விதி. பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகாரில் எஃப்.ஐ.ஆர் போடும் முன் பூர்வாங்க விசாரணை செய்யலாமே என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியிருக்கிறது.

போலீஸ் வந்து நிற்கிறது. என்ன செய்ய வேண்டும்?

வாக்குவாதம் செய்யாதீர்கள், ஓடாதீர்கள். கைதா, விசாரணைக்கு அழைப்பா என்று கேளுங்கள். அழைப்பு என்றால் எழுத்து மூலமான நோட்டீஸ் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பியது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைது என்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இது சும்மா சம்பிரதாயம் இல்லை: நியூஸ்கிளிக் ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா உபாவில் கைதாகியும் 2024 மே மாதம் வெளியே வந்தது இந்த ஒரு காரணத்தால்தான். வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வைப்பது, கைது குறிப்பாணையில் சாட்சிக் கையெழுத்து, மருத்துவப் பரிசோதனை மூன்றும் உங்கள் உரிமை. பெண்களை, விதிவிலக்கான சூழல் தவிர, பொழுது சாய்ந்த பிறகு கைது செய்யக் கூடாது.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது அடித்திருந்தால் அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். ஜெயிலுக்குப் போன பிறகு சொன்னால் உள்ளே விழுந்துவிட்டான் என்பார்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100. கூட்டிக்கொண்டு போனவர் எங்கே என்றே தெரியவில்லை என்றால் வீட்டிலிருப்பவர்கள் தாமதிக்காமல் சென்னை உயர் நீதிமன்றத்திலோ மதுரைக் கிளையிலோ ஆட்கொணர்வு மனு போடலாம்.

எந்தக் கட்சி வந்தால் இது மாறும்?

இதுவரையான கதையைப் பார்த்தால் எதுவும் இல்லை. அவசரநிலைக் காலத்தில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் உள்ளே போய் அடிபட்டவர்கள் நிறைந்த கட்சி திமுக. சென்னை மத்திய சிறையில் விழுந்த அடியால் சிட்டிபாபுவை இழந்த கட்சி. அது ஆட்சிக்கு வந்து குண்டாஸை விட்டுக்கொடுக்கவில்லை. அதே மிசாவில் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனவர்களின் வாரிசான பாஜக, 2019இல் தனி ஆளையே பயங்கரவாதி என்று அறிவிக்கும்படி உபாவைத் திருத்தியது. மாநிலங்களவையில் காங்கிரஸ் அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கறுப்புச் சட்டம், நாற்காலியில் உட்கார்ந்ததும் தேவையான சட்டம்.

உடனடியாக ஒரே ஒரு விஷயத்தை மாற்றலாம் என்றால் எதை?

புதிதாகச் சட்டமே போட வேண்டாம். அவசரநிலையின் பாடமாக 1978இல் ஜனதா அரசு 44ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. அதன் மூன்றாவது பிரிவு, அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் வைத்திருக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. கழகத்துக்குப் பதவியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதிதான் தலைவர், மற்றவர்களும் உயர் நீதிமன்ற நீதிபதிகளாக இருப்பவர்கள் அல்லது இருந்தவர்கள், அவர்களைத் தேர்வதற்குத் தலைமை நீதிபதியின் பரிந்துரை வேண்டும் என்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டு முடித்தது. அமலுக்கு வரும் தேதியை மத்திய அரசு கெசட்டில் அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. அறிவிக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 1981இல் ஏ.கே.ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. மொரார்ஜி தேசாயிலிருந்து மோடி வரை எந்தப் பிரதமரின் அரசும் அந்தத் தேதியை இன்னும் குறிக்கவில்லை.